களர் மண்ணுக்கு ஒரு ஜெபம்

சவுக்காரம் கரைத்த தண்ணீரில் கையை விட்டதுபோல வழுவழுவென்று இருந்தது அந்த மண். இத்தனை வருஷம் கழித்தும் விரல் நுனியில் அது போகவில்லை. கோபமும் போகவில்லை.

அப்போது நான் அரசு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். வாரநாளில் லேப், ஞாயிற்றுக்கிழமை வெள்ளை அங்கி... குருப்பட்டம் பெற்ற போதகர் நான், சம்பளம் வாங்காத ஊழியம். நாகப்பட்டினம் பக்கம் கடைமடையில் சின்ன சபை. வந்தவர்கள் எல்லோரும் பண்ணைக் கூலிகள்.

அந்த வருஷம்தான் நில உச்சவரம்புச் சட்டத்தில் அவர்களுக்குச் சொந்தமாக நிலம் கிடைத்தது. எத்தனை போராட்டம், எத்தனை கேஸ்... பண்ணை மிராசுதார் தன் நிலத்தில் எந்தத் துண்டைத் தள்ளிவிட்டார் என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. முதல் உழவுக்கு முன்னால் வயல் மண்ணைச் சொம்பில் கொண்டுவந்து பீடத்தில் வைப்பார்கள். போதகர் தண்ணீர் தெளித்து, மண்ணைத் தொட்டு ஜெபிக்க வேண்டும். அதுவரை வந்ததெல்லாம் பண்ணை வயல் மண். அன்றைக்குத்தான் சொந்த மண்.

நடவு வேலை செய்யும் கிருபை அம்மாள் சொம்பை வைத்தார். அவ்வளவு சந்தோஷம் முகத்தில். தண்ணீர் தெளித்துத் தொட்டேன்... விரல் வழுக்கியது. சந்தேகமே இல்லை, மோசமான களர். விதைத்தால் நாற்று கருகிவிடும்.

ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

"என்னங்கய்யா ஆச்சு?"

"இதுல நெல்லு வராதும்மா. விதைச்சிடாதீங்க. வேற நிலம் கேளுங்க."

"இருக்கிற நெல்லையெல்லாம் விதைக்குன்னு வச்சிருக்கோங்கய்யா. நெசமாவே வராதா?"

"வராதும்மா."

என்னை நம்பி விதைக்காமல் தாலுகா ஆபீஸுக்குப் போனார்கள். லேப் சர்டிபிகேட் கேட்டார்கள் அங்கே. முறைப்படி சோதித்தேன். விரல் சொன்னதையே கருவியும் சொன்னது. மேலதிகாரி கையெழுத்துப் போடவில்லை.

"சர்ச்சுல நீங்க சொன்னதுக்கு நான் கையெழுத்துப் போடணுமா? முதல்ல நீங்க பாதிரியாரா, ஆபீஸரா?"

சரி, சபை மேலிடமாவது பேசும் என்று போனேன்.

"பீடத்துல நின்னு லேப் பேச்சு எதுக்குங்கய்யா? ஜெபத்தை நிறுத்தினது பெரிய தப்பு."

அங்கே போனால் பாதிரி, இங்கே வந்தால் சர்க்கார் ஆள். இரண்டு பேருமாகச் சேர்ந்து உண்மையைக் குப்பையில் போட்டார்கள். மிராசுதார் ஆளுங்கட்சிக்காரர், ரைஸ்மில் முதலாளி, கோயில் தர்மகர்த்தா. நீ இதில் எது என்று அவரை எவனாவது கேட்டானா?

எனக்கு டிரான்ஸ்ஃபர் வந்தது. நிலம் மாறவில்லை.

இப்போது கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துகிறார்கள். 'அறிவியலையும் ஆன்மிகத்தையும் இணைத்தவர்' என்று பேனர் வேறு. அன்றைக்கு இணைத்ததற்குத்தானே விரட்டினீர்கள்...

அப்படி ஒரு கூட்டம் முடிந்து போன மாதம் அந்தப் பக்கம் போனேன். அந்த நிலம் முழுக்க இறால் குட்டை. நடத்துவது மிராசுதாரின் பேரன். கேட்டில் வாட்ச்மேனாக நின்றவர் கிருபை அம்மாளின் மகன். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார்.

"உள்ள யாரையும் விடக்கூடாதுன்னு மொதலாளி சொல்லியிருக்காருங்கய்யா... கோச்சுக்காதீங்க."

பட்டா இன்னும் அவருடைய அம்மா பெயரில்தான் இருக்கிறது.