இருசம்மாள் நின்ற பக்கம்

பட்டியலில் நாற்பத்திரண்டு பெயர்கள் இருந்தன. தேவமலர் மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை வாசித்தாள். அம்மாவின் பெயர் இல்லை.

"பதினேழாம் நம்பர் வீட்டுக்கு யாரு பேரு போட்டிருக்கு?" என்று கேட்டாள் இருசம்மாள்.

"சித்தப்பா பேரும்மா. மணியம்."

லூபோக் சீனாவுக்குப் பின்னால் இருந்த அந்தத் தோட்டத்தின் மூன்றாம் டிவிஷன் ஆற்றங்கரையில் கிடந்தது. அணை கட்டினால் லயத்து வீடுகள், கோயில், கித்தா என்கிற ரப்பர் மரங்கள் எல்லாம் தண்ணீருக்குள் போகும். தொண்ணூற்று நான்காம் வருஷக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் வந்துவிட்டது. பதிலுக்கு சிம்பாங் அம்பாட்டில் இரண்டு அறை உள்ள கல்வீடு. ஆனால் யாருக்கு? தோட்ட ஆபீஸின் செக்ரோலில், அதாவது ஆள் பதிவுப் புத்தகத்தில், பெயர் இருப்பவருக்கு மட்டும்.

அந்தப் புத்தகத்தில் இருசம்மாள் என்று ஒருத்தி கிடையவே கிடையாது.

பதினான்கு வயதில் பால்வெட்டும் கத்தி பிடித்தவள் அவள். இடது கைக்காரி. கல்யாணமாகி வந்த முதல் வாரமே மாமியார், "பீச்சாங்கையால வெட்டுனா பாலு வருமாடி?" என்று கேட்டாள். பால் வந்தது. மற்றவர்களைவிட ஒரு வாளி கூடவே வந்தது. புருஷன் காளிதாஸின் செக்ரோல் நம்பரிலேயே இருவரும் வெட்டினார்கள். தோட்டத்தில் பாதிப் பேர் பிழைப்பு அப்படித்தான் ஓடியது. ஒரு நம்பர், நான்கு கை.

எண்பத்து மூன்றில் பால் லோரி கவிழ்ந்து காளிதாஸ் செத்தான். கருமாதி முடியுமுன் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி வந்து நின்றார். நம்பர் போனால் வீடும் போகும், பொம்பளை பேரில் புதிதாக எழுத மாதக்கணக்கில் ஆகும், கொழுந்தன் மணியம் பேருக்கு மாற்றிவிட்டால் வீட்டில் இருந்துகொள்ளலாம் என்றார். கைக்குழந்தையோடு இருந்த இருசம்மாள் சரி என்றாள். மணியம் மூன்று மாதம்கூட மரம் வெட்டவில்லை. பத்து பெரண்டாம் ஊரில் ஃபேக்டரி வேலை கிடைத்ததும் போய்விட்டான். அவன் பெயர் மட்டும் தினம் காலையில் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, வந்தது. நம்பரைக் கூப்பிட்டதும் இருசம்மாள் கையைத் தூக்கினாள். பதினொரு வருஷம்.

பட்டியல் ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையே மணியம் காரில் வந்து இறங்கினான்.

"அண்ணி, வீணா மனசப் போட்டு கொழப்பிக்காதீங்க. வீட்ட நான் வாங்கி வாடகைக்கு விட்டாலும், எங்க வீட்டுல ஒங்களுக்கு ஒரு மூல இல்லாமலா போயிடும்?"

"ஒன் வீட்டு மூலையில நானும் எம்மவளும் துடப்பக்கட்ட மாதிரி சாஞ்சிக்கிட்டு நிக்கணுமா? அந்த வீடு என்னுது. நீ போயி எழுதிக் குடு."

"பேரு எம்பேருல இருக்கு லா அண்ணி. கவர்மெண்ட் போட்டத நான் என்ன செய்யறது?"

"பேரு ஒன்னுதுதான். முதுகு யாருது?"

மணியம் காரைத் துடைத்தான்.

பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா சாயங்காலம் வந்து குசுகுசுத்தாள். "இருசு, கெளறாதடி. எங்க வூட்டுலயும் எம்மவன் நம்பர்ல நான்தான் வெட்டுறேன். நீ போயி ஆபிசர்கிட்ட சொன்னியன்னா அத்தன பேரு வண்டவாளமும் வெளிய வரும். எல்லாருக்கும் வீடு போயிடும்."

"ஒங்க மவன் ஒங்களோட இருக்கான் அக்கா. பேரு எதுல இருந்தாலும் ஒங்க தலைக்கு மேல கூர இருக்கும். எனக்கு யாரு இருக்கா? ஒங்களப் பத்தி வாயே தொறக்க மாட்டேன். என் கதைய மட்டும்தான் சொல்லுவேன்."

"சொன்னா நம்புவானா?"

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை.

நில ஆபீஸிலிருந்து விசாரணைக்கு வந்தவர் நடுவயது மலாய்க்காரர். எல்லோரும் அவரை மலாய் வழக்கப்படி என்சே, அதாவது ஐயா, என்றார்கள். தோட்ட ஆபீஸில் மேசை போட்டு உட்கார்ந்தார். இருசம்மாள் தனக்குத் தெரிந்த தோட்டத்து மலாயில் சொல்லி முடித்தாள். மணியம் நீலச் சட்டை போட்டு, அடையாளக் கார்டை முன்னால் வைத்து, ஒரே வரியில் முடித்துக்கொண்டான். பெயர் தன்னுடையது. அண்ணி சும்மா ஒத்தாசைக்கு வெட்டினாள்.

பழைய கிராணி ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புதியவர், புத்தகத்தில் இருப்பதுதான் தனக்குத் தெரியும் என்றார். என்சே பேனாவை மூடினார். வாயால் சொல்வதை வைத்துப் பெயரை மாற்ற முடியாது, காட்ட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

இருசம்மாள் எழுந்து நின்றாள். "இருக்கு என்சே. இங்க இல்ல. மரத்துக்கிட்ட இருக்கு. வாங்க."

"கித்தாக் காட்டுல என்ன அண்ணி இருக்கு, கொசுதான் இருக்கு" என்றான் மணியம்.

"கொசுவுக்குக்கூட ஒன்ன அடையாளம் தெரியாது. பேசாம வா."

என்சேவின் தகப்பனார் கம்போங்கில், தன் கிராமத்தில், கித்தா வெட்டியவர் என்பது அவளுக்குத் தெரியாது. அவர் கால்சட்டையை மடித்துக்கொண்டு நடந்ததைப் பார்த்தபோது கொஞ்சம் சந்தேகம் வந்தது. வேர் தடுக்காமல் நடந்தார். மணியமும் தேவமலரும் பின்னால் வந்தார்கள்.

முதலில், யாருடையது என்று சொல்லாமல், குஞ்சம்மாவின் நிரையில் நிறுத்தினாள். "தெங்கோக் தானா, என்சே", மண்ணைப் பாருங்கள் என்று தரையைக் காட்டினாள். வருஷக்கணக்காக ஆள் நின்று நின்று மரத்தடியில் புல் செத்து மண் வழுக்கையாகியிருந்தது. வெட்டுக்கு வலப்பக்கம், வலது கைக்காரர் நிற்கும் பக்கம். அடுத்த மரத்திலும் வலப்பக்கம். அதற்கடுத்ததிலும் அப்படியே.

பிறகு பதினேழாம் நம்பர் வீட்டு நிரை. அங்கே வலப்பக்கம் புல் முழங்கால் உயரம் நின்றது. வழுக்கை மண் இடப்பக்கம் இருந்தது. இருபது மரம், முப்பது மரம், ஒன்றுகூட மாறவில்லை. என்சே ஒரு மரத்தில் குனிந்து, வெட்டு முடியும் இடத்தில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார். மேலே பழைய பட்டையிலும் தடவினார். பழுது இல்லாத, ஒரே கையின் வெட்டு.

அவர் இருசம்மாளின் கத்தியை வாங்கி மணியத்திடம் நீட்டினார்.

மணியம் வலது கையால் வாங்கினான். இடப்பக்கம் நின்று பார்த்தான், முழங்கை மரத்தில் இடித்தது. வலப்பக்கம் போனான், புல்லில் ஷூ வழுக்கியது. ஒரு இழுப்பு இழுத்தான். பட்டையோடு மரச்சதையும் பெயர்ந்து வெள்ளையாகத் தெரிந்தது.

"ரொம்ப வருஷமாச்சு..." என்றான்.

"எத்தன வருஷம்?" என்று மலாயில் கேட்டார் என்சே. மணியம் கத்தியை அண்ணியிடம் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை. "எழுதிக்கச் சொல்லுங்க அண்ணி. நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

மரத்தடியிலேயே, கோப்பைத் தொடைமேல் வைத்து என்சே எழுதினார். இருசம்மாள் நகரவில்லை.

"மலரு, வந்து வாசி. சத்தமா."

தேவமலர் வாசித்தாள். பதினேழாம் நம்பர் வீடு, இருசம்மாள், காளிதாஸின் மனைவி, பால்மரம் வெட்டும் தொழிலாளி.

"ஒன் சித்தப்பா பேரு நல்லா அடிச்சிருக்கா?"

"அடிச்சிருக்கும்மா."

"முத்திர?"

அது ஆபீஸில்தான் குத்த முடியும் என்றார் என்சே, சிரித்துக்கொண்டே. அப்படியானால் ஆபீஸுக்கே வருகிறேன் என்றாள் அவள். கிளம்புமுன் குனிந்து ஒரு பிடி களிமண்ணை எடுத்து மணியம் போட்ட காயத்தில் அழுத்தி அப்பினாள்.

"முழுகப் போற மரத்துக்கு இது எதுக்கும்மா?"

"முழுக இன்னும் ஆறு மாசம் இருக்கு. அது வரைக்கும் இதுல வெட்டித்தான் சோறு திங்கணும். நீ போயி வாளிய எடு. பாலு கட்டிப் போயிடும்."

மகளை அனுப்பிவிட்டு, முத்திரை குத்துவதைப் பார்க்க என்சேவுக்கு முன்னால் நடந்தாள்.