ரிசல்ட் வரட்டும்

எங்கள் தெருவில் யார் வீட்டுப் பிள்ளையாவது பெங்களூரு பக்கம் இருக்கும் அந்தப் பெரிய ராட்டினப் பார்க்குக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தால், அந்த வீட்டு அம்மா நேராக என்னிடம் வந்துவிடுவாள். நாமகிரிப்பேட்டையிலிருந்து நாங்கள்தான் முதலில் போனவர்கள் என்றில்லை. போய்விட்டு வந்து வாய் ஓயாமல் பேசியவள் நான்தான். அதனால் வருகிறார்கள்.

நான் சொல்வதும் எப்போதும் ஒரே பாடம்தான். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், வரிசையில் நிற்பதற்கா அவ்வளவு தூரம் போவது? புளிச்சோறு கட்டிக்கொண்டு போகாதீர்கள், வாசலில் பையைப் பிரித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் தூக்குவாளி நிறையக் கட்டிக்கொண்டு போய், அதைக் காரிலேயே வைத்துவிட்டு, உள்ளே விற்ற உப்பில்லாத சாதத்தை யானை விலை கொடுத்துத் தின்றவள். சேலையோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். பருத்தியும் ஆகாது, நைலான் துணிதான் வேண்டும். அங்கே வாடகைக்குத் தருவதை உடுத்த எனக்கு மனசு வராது, சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளிக் கொலுசைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டுப் போங்கள். தண்ணீர் இல்லாத ரைடுகளை எல்லாம் காலையில் முடித்துவிட்டு மதியத்துக்கு மேல் தண்ணீருக்குப் போங்கள், ஈரத்துணியோடு வரிசையில் நின்றால் காய்ச்சல்தான் மிச்சம். பைகளுக்குக் காவலாக யாரையாவது உட்கார வைக்காதீர்கள், அதற்கு லாக்கர் இருக்கிறது.

கடைசியாக ஒன்று சொல்வேன். ஒவ்வொரு ரைடு வாசலிலும் யார் யார் ஏறக்கூடாது என்று பலகை வைத்திருப்பார்கள், அதைப் படியுங்கள் என்பேன். "அதையெல்லாம் யாருங்கக்கா படிக்கறது?" என்று சிரிப்பார்கள். அந்த இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

என் வீட்டுக்காரர் லாரிக்காரர். சொந்தமாக ஒரே ஒரு லாரி. மஞ்சள் மூட்டையும் மரவள்ளி மாவும் ஏற்றிக்கொண்டு வடக்கே போய், கிடைத்த லோடை ஏற்றிக்கொண்டு திரும்புவார். எங்களுக்கு ஒரே பெண். பன்னிரண்டாம் வகுப்புக்கு அவளை நாமக்கல் பக்கத்தில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்தோம். எங்கெங்கோ இருப்பவர்கள் எல்லாம் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து விடும்போது, பக்கத்திலேயே இருக்கிற நாங்கள் விடாமல் இருந்தால் ஊர் எங்களைத்தான் ஒரு மாதிரியாகப் பார்க்கும். கொண்டுபோய் விட்ட அன்றைக்கு ஹாஸ்டல் கேட்டுக்கு வெளியே நின்று அவள் அழுதாள். அவளைத் தேற்றத்தான் இவர் அந்த வாக்கைக் கொடுத்தார்.

"பரீச்ச முடிஞ்ச கையோட பார்க்குக்குப் போறோம் சாமி. தலைகீழாச் சுத்துமில்ல அந்தப் பெரிய ரைடு, அதுல நீயும் நானும் பக்கத்துல பக்கத்துல ஒக்காரோணும். உங்கம்மா கீழ நின்னு கத்தட்டும்."

அழுகைக்கு நடுவில் அவள் சிரித்துவிட்டாள். ஆறாம் வகுப்பிலிருந்தே செல்போனில் அந்த ரைடைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்தவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

காலாண்டுப் பரீட்சை நெருங்கிய சமயம் அது. நாக்பூர் லோடை இறக்கிவிட்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். வாயுப்பிடிப்பு என்று நினைத்து நான் சீரகத் தண்ணீர் கொடுத்தேன். சேலத்து ஆஸ்பத்திரியில் அதை மாரடைப்பு என்றார்கள். மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு அவர் என்னிடம் முதலில் கேட்டது, "புள்ளைக்குச் சொல்லிட்டியா?" என்பதுதான்.

"இல்லீங்க."

"சொல்லாத. பரீச்ச முடியட்டும்."

நானும் சரி என்றேன். எங்கள் பக்கத்தில் இது புதிதும் இல்லை. தாத்தா செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஹாஸ்டல் பிள்ளைக்குத் தகவல் சொன்ன வீடு எங்கள் தெருவிலேயே இருக்கிறது. படிக்கிற பிள்ளையின் காதில் கெட்டது எதையும் போடமாட்டோம். அதற்குப் பாசம் என்றுதான் நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெற்றவர்களை உள்ளே விடுவார்கள். வேப்ப மரங்களுக்கு அடியில் ஆளுக்கொரு ஜமக்காளம் விரித்து, டிபன் கேரியரைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வார அன்பையும் ஒரே வேளையில் ஊட்டிவிடுவோம். ஆபரேஷன் முடிந்த வாரம் நான் மட்டும் போனேன். "அப்பா லோடு போயிருக்காரு சாமி" என்றேன். எனக்கு எப்போதுமே பொய் நன்றாக வரும், அன்றைக்கு இன்னும் நன்றாக வந்தது. அடுத்த முறை இவரும் வந்தார். எப்போதும் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிடுகிற மனிதர், கொளுத்துகிற வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கேரியரை நானே தூக்கி வந்தேன். சாப்பிட்டுவிட்டு இருவரும் குழாயடிக்குப் போய்க் கை கழுவி வந்தார்கள். அதன் பிறகு அவள் அதிகம் பேசவில்லை. பரீட்சை பயம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

காலாண்டு முடிந்ததும் அரையாண்டு வந்தது. அரையாண்டு முடிந்ததும் பொதுத்தேர்வு. அது முடிந்ததும் மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு. ஒவ்வொன்று முடியும்போதும் சொல்லிவிடலாமா என்று நான் கேட்பேன், அவர் அடுத்ததைக் காட்டுவார். எல்லாப் பரீட்சையும் முடிந்து பெண் வீட்டுக்கு வந்த பிறகு, "ரிசல்ட் வரட்டும்" என்றார். லாரிக்கு ஆள் போட்டாகிவிட்டது. "நல்ல டிரைவர் அமைஞ்சுட்டாரு, அப்பா கொஞ்ச நாளு மொதலாளி மாதிரி இருக்கட்டுமே" என்று அவளிடம் சொன்னோம். அவளும் தலையாட்டினாள்.

பார்க்கைப் பற்றி அவள் பேச்சே எடுக்கவில்லை. இவர்தான் எடுத்தார். நான் தனியாகக் கூப்பிட்டுச் சண்டை போட்டேன்.

"ஏனுங்க, உங்களுக்குப் பித்தா? அதுல ஏறுற ஒடம்பா இது?"

"டாக்டரு லாரி ஓட்ட வேண்டாம்னாரு. ராட்டினத்தப் பத்தி ஒண்ணுஞ் சொல்லலியே."

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பாரு."

"அதுக்குத்தான் கேக்கல" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார். "ஒரு வருசமா அந்த ஒண்ணச் சொல்லித்தான் புள்ளைய அங்க ஒக்கார வெச்சிருக்கேன். இப்ப நான் ஏறலைன்னா ஏன்னு கேப்பா. என்ன சொல்றது? ஒரு நிமிசம் சுத்துமா? கண்ண மூடிக்கிட்டா முடிஞ்சுரும்."

முடிந்துவிடும் என்ற வார்த்தை எனக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அவளிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். ரிசல்ட் வரும் வரை வாயைத் திறக்கமாட்டேன் என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார். அப்படியானால் அங்கே போய் மயக்கம் போட்டு விழுந்தாவது இவரைத் தடுத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் கிளம்பினேன்.

விடியும் முன்னே வாடகைக் காரில் புறப்பட்டோம். தொப்பூர் கணவாயில் முன்னால் போகிற ஒவ்வொரு லாரியையும் பார்த்து, "இந்த இறக்கத்துல கியர் மாத்தறான் பாரு" என்று டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே வந்தார். பின் சீட்டில் பெண் என் தோளில் சாய்ந்திருந்தாள், ஆனால் தூங்கவில்லை.

பார்க்குக்குள் நுழைந்ததிலிருந்து அவள் நடந்துகொண்டது எனக்குப் புரியவில்லை. குழந்தைகள் ஏறுகிற குதிரை ராட்டினத்தில் ஏறினாள். மெதுவாக பார்க்கைச் சுற்றிக் காட்டும் குட்டி ரயிலில் இரண்டு முறை போகலாம் என்றாள். நிழலில் உட்கார்ந்து சோளம் தின்னலாம் என்றாள். இவருக்குப் பொறுமை போய்விட்டது. "இதுக்கா சாமி இவ்வளவு தூரம் வந்தோம்? வா, நம்ம ரைடுக்குப் போவோம்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

வாசலில் அந்தப் பலகை இருந்தது. பல மொழிகளில் எழுதியிருந்தது, தமிழிலும் இருந்தது. முதல் வரியே இதய நோய் உள்ளவர்கள் ஏறக்கூடாது என்பதுதான். நான் அதற்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். பலகையை மறைக்கிறேனா அவருக்குக் காட்டுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. தலை சுற்றுகிறது என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப நீ இங்கயே ஒக்காந்துக்க. நாங்க சுத்திட்டு வாரோம்" என்றார் இவர், என்னைப் பார்த்துக் கண் சிமிட்டி. இருபது வருடம் கூடக் குடித்தனம் நடத்திய மனிதரிடம் என் நடிப்பு செல்லுபடியாகுமா?

விட்டுவிட முடியவில்லை. நானும் பின்னாலேயே வரிசையில் நின்றேன். மேலே இரும்புப் பாதையில் வண்டி தலைகீழாகப் போகும்போது நூறு குரல் ஒன்றாக அலறும், பிறகு அடங்கும். ஒவ்வொரு முறை அடங்கும்போதும் வரிசை கொஞ்சம் நகரும். இவர் கழுத்தில் வியர்வை வழிவதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நகர்ந்தேன். சத்தியமாவது ஒன்றாவது, கத்திச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன். தலைமேல் சத்தியம் பலித்து என் தலை போனாலும் போகட்டும். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் ஏறி உட்கார்ந்தார்கள். அடுத்து நாங்கள். நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் பெண் இவருடைய சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பயமா இருக்குதுங்கப்பா. நான் வரல."

"ஏய், நீயா?"

"பயமா இருக்குதுங்கப்பா. போலாமுங்க." அழ ஆரம்பித்துவிட்டாள். நடிப்பழுகை இல்லை, உடம்பு குலுங்க அழுதாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பணியாளர் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட, மூன்று பேரும் வெளியே வந்தோம்.

இவருக்கு ஒரே கொண்டாட்டம். "ஆறாவதுல இருந்து வாய் கிழியப் பேசுன புள்ள, கிட்டப் போனதும் காலு வெடவெடங்குது பாரு! நானெல்லாம் ரெடியாத்தான் நின்னேன்!" என்று வழியெல்லாம் அவளைக் கேலி செய்தார். தப்பித்த மனிதனின் குரல் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அவளும் தலைகுனிந்து சிரித்துக்கொண்டே வந்தாள். நான் மனசுக்குள் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டேன்.

மதியத்துக்கு மேல் இவர் மரத்தடி பெஞ்சில் பைகளோடு உட்கார்ந்துகொண்டார். லாக்கர் இருக்கிறது என்று சொன்னதற்கு, "அந்தப் பூட்டையெல்லாம் நம்ப முடியாது" என்றார். நாங்கள் இருவரும் தண்ணீரில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உடை மாற்றப் போனோம். நான் அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். துண்டுக்குள்ளிருந்து அவள் கேட்டாள்.

"அப்பா மத்தியான மாத்திர போட்டுட்டாராம்மா?"

என் கை நின்றுவிட்டது. எந்த மாத்திரை என்று கேட்கப் பார்த்தேன், வாய் வரவில்லை. அத்தனை நன்றாகப் பொய் வருகிற வாய்.

"எப்பத் தெரியும் சாமி?"

"கொழாயடியில கை கழுவறப்ப சட்டக் கைய ஏத்துனாரு. மணிக்கட்டுல கன்னிப் போயிருந்துச்சு. எங்க ரூம்ல ஒரு புள்ளையோட சித்தப்பாவுக்கு நெஞ்சடைப்புக்கு அதே மாதிரிதான் கை வழியாப் பண்ணாங்க. நீங்க சொல்லல. சரி, நானும் கேக்கல. கேட்டா நீங்க அழுவீங்க, நானும் அழுவேன். அப்பறம் என் மூஞ்சியப் பாக்க முடியாம அப்பா ஞாயித்துக்கெழமை வரமாட்டாரு."

குழாயடியில் கை கழுவியது காலாண்டு சமயத்தில். அதன் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமை கேரியரைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்துப் பேசினோம். பிள்ளை தனியாகச் சுமக்கக் கூடாது என்றுதானே மறைத்தோம். அவள் அந்த ஹாஸ்டல் கட்டிலில் தனியாகத்தான் சுமந்திருக்கிறாள். நாங்கள் இரண்டு பேராவது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம், அவளுக்கு அதுகூட இல்லை. அந்த ஈரத் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதேன்.

"அப்பாகிட்டச் சொல்லீரலாம் வா" என்றேன்.

அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னாள். "இப்ப வேண்டாம்மா. அப்பாவுக்கு அடுத்த மாசம் செக்கப் இருக்குமில்ல, அது முடியட்டும்."

அதே குரல். அதே வார்த்தை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் சொல்லி, நான் தலையாட்டி, இத்தனை மாதம் இழுத்துக்கொண்டு வந்தது, இப்போது என் பெண்ணின் வாயிலிருந்து வருகிறது. இவளும் நாளைக்கு ஒரு பிள்ளை பெற்று அதனிடமும் இதைச் சொல்வாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தலை ஈரம்கூடக் காயாமல் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன்.

"ஏனுங்க, இவளுக்கு எல்லாந் தெரியுமுங்க. காலாண்டுல இருந்தே தெரியும்."

அவர் கையில் பாதி தின்ற சோளக் கதிர் இருந்தது. என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு தூரத்தில் சுற்றிக்கொண்டிருந்த அந்த ரைடைப் பார்த்தார். காலையில் அவள் எதற்காக அழுதாள் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. பையையெல்லாம் நகர்த்தி, பெஞ்சில் அவளுக்கு இடம் செய்து கொடுத்தார். அவள் உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் அவள் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அத்தன நாளும் அங்க ராத்திரியில தூங்குனியா சாமி?"

"தூங்கலீங்கப்பா."

மணிக்கட்டில் அந்தக் கன்றல் மறைந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது, ஆனாலும் அன்றைக்கும் முழுக்கைச் சட்டைதான் போட்டிருந்தார். சோளக் கதிரைக் கீழே வைத்துவிட்டு, வலது கைப் பொத்தானைக் கழற்றி, சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, அந்தக் கையை அவள் மடியில் வைத்தார்.