கொளுவாத கம்பி

என்னோடு நடக்கப் போவது சுகமான காரியம் இல்லை. கேஸை மூடியாயிற்றா, கதவைப் பூட்டியாயிற்றா, தண்ணீர்ப் போத்தலை எடுத்தாயிற்றா என்று வாசலிலேயே பத்துக் கேள்வி கேட்பேன். திருகோணமலையில் என்னுடன் ஒரே பாடசாலையில் படிப்பிக்கும் சிநேகிதிகள் இரண்டு பேர் இதைப் பல வருடமாகப் பொறுத்து வருகிறார்கள். ஒருத்தி கிண்ணியாக்காரி, எதையும் ஒழுங்குபடுத்துவதில் கெட்டிக்காரி. மற்றவள் நிலாவெளிக்காரி, எதையும் மறந்துவிடுவதில் கெட்டிக்காரி.

போன தை மாதம் பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறையில் மூவரும் இலங்கைத்துறைப் பக்கம் நடக்கப் போனோம். வயல்வெளியைத் தாண்டி, காட்டுக்குள் இருக்கும் பழைய குளம் வரை போய்த் திரும்புவது திட்டம். பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் நிலாவெளிக்காரி சாப்பாட்டுப் பார்சலை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. நான் விடவில்லை. வரப்பு முழுக்க அவளை ஏசிக்கொண்டே நடந்தேன். கதிர் விட்ட நெல்லுக்கு மேலாகக் கொக்குகள் எழும்பிப் பறந்ததை மற்ற இருவரும்தான் பார்த்தார்கள்.

வயல் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு சோளத் தோட்டம் இருந்தது. அங்கே குடியிருந்த கணவனும் மனைவியும் எங்களை மறித்து இருத்தி, பால் விடாத பிளேன்டி தந்தார்கள். பார்சல் கதையைக் கேட்டு அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அவித்த சோளத்தை என் பை நிறையப் போட்டுவிட்டார். தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவே, யானை வராமல் தடுக்கும் மின்சார வேலி. போய்வருவதற்கு ஓரிடத்தில் கம்பியைக் கழற்றலாம். நுனியில் பிளாஸ்டிக் கைபிடி, தூணில் அதை மாட்ட ஒரு வளையம்.

"பகல்ல கரண்ட் இல்லை டீச்சர், பயப்பிடாதேங்கோ. ஆறு மணிக்குத்தான் போடுவம்" என்றார் தோட்டக்காரர். "வரேக்கயும் போகேக்கயும் கம்பியை வளையத்தில கொளுவிப்போட்டுப் போங்கோ. அது ஒண்டுதான்."

காட்டுக்குள் நல்ல குளிர்ச்சி. பாலை மரமும் வீரை மரமும் அடர்ந்து நின்றன. குளக்கட்டில் குந்தியிருந்து சோளம் கடித்தோம். நிலாவெளிக்காரி தன் வகுப்புப் பிள்ளைகளின் கதை சொல்ல, எனக்குக் கூடச் சிரிப்பு வந்தது. உண்மையைச் சொன்னால், அது நல்ல நாள்.

திரும்பும்போது வானம் மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. வேலியைத் தாண்டி மற்ற இருவரும் முன்னால் ஓடினார்கள். கடைசியாக நான். கம்பியின் கைபிடியைப் பிடித்தபடி இந்தப் பக்கம் வந்தபோது பை சரிந்து மிச்சச் சோளம் நிலத்தில் கொட்டுண்டது. கைபிடியைக் கீழே வைத்துவிட்டுப் பொறுக்கினேன். "பஸ்ஸுக்கு நேரமாகுது, ஓடி வா!" என்று நிலாவெளிக்காரி கத்தினாள். ஓடினேன். முற்றத்தில் யாரும் இல்லை. காலையில் அங்கே இல்லாத, காட்டிலிருந்து கொண்டுவந்த விறகுக்கட்டு ஒன்று சுவரோடு சாய்ந்து கிடந்தது. அதைப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பஸ்ஸில் நாலைந்து தரிப்பு தாண்டிய பிறகுதான் கை வெறுமையாகப் பட்டது. கீழே வைத்த கைபிடியைத் திரும்ப எடுத்துக் கொளுவவே இல்லை. மணி ஐந்துகூட ஆகவில்லை. தோட்டத்தில் எடுத்த படங்களை அனுப்புவதற்காகத் தோட்டக்காரருடைய தொலைபேசி இலக்கத்தைக் கிண்ணியாக்காரி வாங்கி வைத்திருந்தாள். ஒரு அழைப்புப் போதும், அவர் போய்க் கொளுவிவிடுவார். ஆனால் காலையிலிருந்து ஒரு சாப்பாட்டுப் பார்சலுக்காக ஒருத்தியை உரித்தெடுத்த நான், அவள் பக்கத்திலேயே இருந்துகொண்டு, நானும் மறந்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? கொளுவியிருப்பேன், நானாவது மறப்பதாவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தேன். மழை தூறத் தொடங்கியிருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கிண்ணியாக்காரி படங்களை அனுப்பினாள். பதிலுக்குத் தோட்டக்காரரின் குரல்பதிவு வந்தது. ஆசிரியர் அறையில் எல்லோரும் கேட்டோம்.

"படமெல்லாம் நல்லா இருக்கு டீச்சர். இஞ்ச அண்டைக்கு இரவே யானை வந்திட்டுது. சோளம் முக்கால்வாசி இல்லை. மழையெண்டு நானும் வேலியைச் சுத்திப் பாக்கப் போகேல்லை. மனுசி விறகுக்குப் போட்டு வரேக்க கம்பியைக் கொளுவாம விட்டிட்டா."

கிண்ணியாக்காரி என் பக்கம் திரும்பினாள். "நாங்களும் அதாலதானே வந்தனாங்கள். நீதானே கடைசி. கொளுவினனீயே?"

"ஓம், கொளுவினனான்" என்றேன்.

"இவளிட்டக் கேக்கவும் வேணுமே? கேஸையே மூண்டு தரம் பாக்கிறவள்" என்று நிலாவெளிக்காரி எனக்காகக் கதைத்தாள். நாங்கள் கொளுவிவிட்டுத்தான் வந்தோம் என்று கிண்ணியாக்காரி அவருக்குப் பதில் அனுப்பினாள். அந்த ஒரு வரியோடு பிழை முழுவதும் அவர் மனைவியின் தலையில் இறங்கிவிட்டது. விறகுக்கட்டு எங்களுக்கு முன்னரே முற்றத்துக்கு வந்துவிட்டது, கம்பியைக் கடைசியாகக் கழற்றியது நான்தான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அரிசி, பருப்பு, சீனி வாங்கிக்கொண்டு மூவரும் போனோம். தோட்டம் நிலத்தோடு படுத்துக் கிடந்தது. தோட்டக்காரர் ஒடிந்த சோளத் தட்டைகளை அள்ளிக்கொண்டிருந்தார். சிநேகிதிகள் அவரிடம் போனார்கள். நான் குசினிப் பக்கம் போனேன். அவரிடம் சொல்லப் பயம், மனைவியிடம் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் வசனம் கட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

அந்த அம்மா அடுப்பைப் பார்த்தபடியே முதலில் கதைத்தார். "ஒரு கிழமையா இவர் என்னோட கதைக்கிறேல்லை டீச்சர். முதல்ல நான் கொளுவினனான் எண்டு சத்தியம் பண்ணினனான். பிறகு யோசிச்சுப் பாத்தன். தலையில விறகு, ஒரு கைதானே மிச்சம். இப்ப நல்லா ஞாபகம் வருது. நான்தான் விட்டிட்டன்."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"பரவாயில்லை, விடுங்கோ" என்றேன். "மறதி எல்லாருக்கும் வாறதுதானே."

அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள் ஒராள்தான் டீச்சர் என்னை ஏசாம இப்பிடிச் சொன்னது" என்றார். நான் கையை அப்படியே கொடுத்துக்கொண்டு நின்றேன்.