மருந்து அடிக்காத இரண்டு வரிசை

தியாகதுருகம் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் கத்தரி இருந்தது. வாரம் இரண்டு முறை மருந்து அடித்தால்தான் சொத்தையில்லாத காய் கிடைக்கும். அடிக்க வருகிறவர் சொந்த நிலமில்லாதவர், என் கணவரின் வயதுதான். டேங்கை முதுகில் மாட்டி, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு இறங்குவார். காற்று எதிர்த்து வீசினால் மருந்தில் நனைந்துதான் கரையேறுவார். அவர் மனைவி எங்களிடம் காய் பறிக்க வந்தாள். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது மடி நிறையக் காய் கொடுத்தனுப்புவேன். என்னைப்போல் கொடுக்கிறவர்கள் இல்லை என்று எனக்குள் ஒரு நினைப்பு.

எங்கள் சமையலுக்கு மட்டும் கிணற்றோரம் இரண்டு வரிசையைத் தனியாக விட்டிருந்தோம். "அதுல அடிச்சிடாதப்பா" என்று ஒவ்வொரு தடவையும் நானே போய்ச் சொல்வேன். "சரிங்கம்மா" என்பார். ஏன் என்று கேட்டதே இல்லை.

ஒரு சித்திரை மாதத்து மதியம் மூன்றாவது டேங்க் தீரும் முன்னே அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாப்பா ஆச்சு?"

"கண்ணு மறைக்குதுங்கம்மா" என்றவர் அப்படியே சாய்ந்தார். வாயோரம் நுரை தள்ளியது. ஆட்டோ பிடித்துக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என்ன மருந்து என்று டாக்டர் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு மூன்றைக் கலந்து அடிப்பது வழக்கம். பாட்டில்களை எடுத்துவர என் கணவர் திரும்ப ஓடினார்.

நானும் மருந்தடிக்கிறவர் மனைவியும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அவள் கேட்டாள்: "கெணத்தோரம் அடிக்க வாணாம்னு சொல்வீங்களாமே. உங்களுக்குத் தெரியுங்களாம்மா, அது ஆவாதுன்னு?"

பாட்டில்களோடு என் கணவர் வருகிறாரா என்று வாசல் பக்கம் பார்த்தேன்.

"நீங்க குடுத்த காயத்தான் எம் பொண்ணுங்களுக்கு ஆக்கிப் போட்டுக்கினு இருந்தேன்."

குரலில் கோபமே இல்லை. அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

ஒன்பதாம் நாள் அவர் பிழைத்து வீடு வந்தார். ஆனால் கை நடுக்கம் நிற்கவே இல்லை. டம்ளரை அவள்தான் வாயருகே பிடிக்க வேண்டியிருந்தது. அடுத்த ஐப்பசியில், மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், மூச்சு முட்டி இறந்துபோனார். மருந்தினால்தானா என்று டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். "தெரிஞ்சேதான் குடுத்தேன். உம் புள்ளைங்க திங்குமேன்னு எனக்குத் தோணவே இல்ல" என்று சொல்லி அழுதேன்.

"வுடுங்கம்மா. இனிமே பேசி இன்னா ஆவப்போவுது" என்று எழுந்தாள். அவள் ஏற வேண்டிய வண்டி தெருமுனையில் வந்து நின்றிருந்தது. எலவனாசூர்கோட்டைப் பக்கம் யாரோ ஒருவருடைய தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற வண்டி. பெரிய மகளையும் கூப்பிட்டுக்கொண்டு ஏறினாள்.

அந்தத் தோட்டத்தில் என்ன பயிர் என்று நான் கேட்கவில்லை.