அவர் பேரில் நான் வைத்த வேண்டுதல்

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி இருப்பது அண்ணனூரில் எங்கள் தெருவுக்கே தெரியும். டீக்கடைக்காரர்கூட, "அண்ணாத்தே, ஊட்ல தெரியுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் டீயில் சர்க்கரை போடுவார். தெரியாமல் போனது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான்.

கொரோனா இரண்டாவது தடவை தலைவிரித்து ஆடியபோது அவருக்கு மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கூட யாரும் வரக் கூடாது என்றுவிட்டார்கள். அங்கே சேர்க்கும்போது, வேறு வியாதி ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு இந்த மனுஷன் ஒன்றுமில்லை என்று தலையாட்டியிருக்கிறார். நான் பையில் வைத்து அனுப்பிய மாத்திரை டப்பா, வேட்டிக்கு அடியில் நிம்மதியாகத் தூங்கியது.

மறுநாள் நர்ஸம்மா போன் செய்தார். "மூச்சு தேறவே மாட்டேங்குதும்மா. சுகர் எக்கச்சக்கமா இருக்கு. கேட்டா இல்லவே இல்லைன்றாரு. நீங்க சொல்லுங்க."

நான் மறைக்கவில்லை. சர்க்கரை வருஷக்கணக்காய் உண்டு, பிரஷர் உண்டு, பொய்யும் உண்டு என்றேன். நர்ஸம்மா சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: நெஞ்சுக்குப் போடும் ஊசியே சர்க்கரையை ஏற்றுமாம். சர்க்கரை ஏறினால் நோய் சுலபத்தில் அடங்காதாம். இப்படிப்பட்டவர்களைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறதாம்.

அன்றைக்கே இன்சுலின் போட ஆரம்பித்தார்கள். சாயங்காலம் அவர் போனில் வந்தார்.

"ஏம்மே, மாட்டி வுட்டுட்டியே. சக்கரை கீறவன் எவனும் திரும்பி வர்லன்னு தெருவே பேசிச்சு. அதான் இல்லன்னு சொல்லிட்டேன்."

"நீங்க சொல்லலன்னா கொரோனாவுக்குத் தெரியாதா?"

மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கார்டு காட்டாதவனைத் திருப்பி அனுப்ப கொரோனா என்ன ரேஷன் கடையா? சிரிப்பு வந்தது, பாதியிலேயே அழுகையானது.

கோயிலெல்லாம் பூட்டிக் கிடந்தது. திருவேற்காட்டு அம்மன் படத்துக்கு விளக்கேற்றி வேண்டிக்கொண்டேன். "தாயே, இவர் நல்லபடியா வீடு வந்து சேரட்டும். வந்தால் இனிப்பைத் தொடவே மாட்டார்." காசிக்குப் போகிறவர்கள் தங்களுக்குப் பிடித்ததை விட்டு வருவார்கள். நான் அவருக்குப் பிடித்ததை விட்டேன். எனக்குப் பிடித்த முறுக்கையும் சேர்த்து விடலாமா என்று யோசித்தேன்தான். நோய் அவருக்குத்தானே என்று அம்மனே சொன்ன மாதிரி இருந்தது.

தாய் கைவிடவில்லை. கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளக்க வந்து சேர்ந்தார். கோயில் திறந்ததும் இருவரும் போனோம். நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கல் ஆளுக்கொரு தொன்னை கிடைத்தது. அவர் விரல் பொங்கலைத் தொடும் நேரம் பார்த்து வேண்டுதலைச் சொன்னேன்.

விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "என்னாண்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதாம்மே?"

"கேட்டா ஒண்ணுமில்லன்னு தலையாட்டுவீங்க."

சன்னதிப் பக்கம் திரும்பினார். அம்மனிடம் சொன்னதை அவரால் மீற முடியாது, அது எனக்குத் தெரியும். தொன்னையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என் கையில் கொடுத்தார்.

பிரசாதத்தை வீணாக்கினால் பாவம். இரண்டையும் நானே சாப்பிட்டேன். கடைசி முந்திரி வரைக்கும் அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.