வெள்ளிச் சக்களத்திகள்

பொய்ப்பல் செய்வது அவர் பிழைப்பு. மெழுகில் ஈறு வார்த்து, ஒவ்வொரு பல்லாக உட்கார வைத்து, யார் யாருடைய சிரிப்பையோ நாள் முழுக்கச் செதுக்குவார். வீட்டுக்கு வந்தால் அதே பூதக்கண்ணாடியோடு பழைய ரோமாபுரி வெள்ளிக் காசுகளிடம் உட்கார்ந்துவிடுவார். முன்பக்கம் இருக்கும் ராஜாவின் தலை அவருக்குப் பொருட்டில்லை. பின்பக்கம் நிற்கும் பெண்கள்தான் உயிர். ஒற்றுமை, நேர்மை, அடக்கம் என்று ஒவ்வொரு நற்குணத்தையும் ஒரு பெண்ணாக்கிக் காசில் நிறுத்தியிருந்தார்கள் அந்தக் காலத்து ஆட்கள்.

தையல்காரியான அவர் மனைவி இந்தக் காசுப் பெண்களுக்கு வைத்த பெயர் சக்களத்திகள். "ஒருத்தியச் சமாளிக்கவே துப்பில்ல, இதுல பதினொண்ணு கேக்குது இவருக்கு" என்பாள் வருகிறவர்களிடம். எண்ணெய்க் கை படக்கூடாதென்று காசுத் தட்டை அவர் அலமாரியில் வைத்துப் பூட்டுவதில்தான் அவளுக்கு நிஜமான கோபம்.

ஒருநாள் மெஷினில் உட்கார்ந்திருந்தவளுக்கு வலக்கண்ணில் திரை இறங்கியது போல் இருட்டிக்கொண்டு வந்தது. விழித்திரை விலகிவிட்டது என்றார் மருத்துவர். அறுவை சிகிச்சை முடிந்ததும், இரண்டு வாரம் குப்புறப் படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். இடக்கண் முன்பே மங்கல். ஓடியாடிக்கொண்டிருந்தவள் தலையணையில் முகம் புதைத்துக் கிடந்தாள். வேளாவேளைக்குச் சாப்பாடு ஊட்டினார், காலைப் பிடித்துவிட்டார். எதற்கும் அவளிடமிருந்து ஒரு குத்தல் பேச்சுகூட வரவில்லை.

ஒரு சாயங்காலம் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, தொங்கிக்கொண்டிருந்த அவள் உள்ளங்கையில் ஒரு காசை வைத்தார். துணியின் நெசவைத் தடவியே தரம் சொல்கிற விரல்கள் அவை. மெல்ல ஊர்ந்தன.

"இவ கையில என்ன, தராசா?"

நேர்மை என்றார். அடுத்த காசில் அவள் விரல் வெகுநேரம் நின்றது.

"துணியக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சிருக்காளோ?"

"ஆமா. அவதான் நம்பிக்கை. இன்னொரு கையில பூ."

"ஓரம் தரையில இழுபடாம நடக்கப் போறா. விவரமானவதான்."

பிறகு, பொறுமைக்கென்று ஒருத்தி இல்லையா என்று கேட்டாள்.

"இருக்கா. ஆனா கிடைக்கிறது ரொம்ப அபூர்வம்."

அவள் தோள் குலுங்கச் சிரித்தாள். ஆடாமல் படு என்று அதட்டிவிட்டு அடுத்த காசை எடுத்து வைத்தார்.

பார்வை முக்கால்வாசி திரும்பியது. நுணுக்க வேலையை விட்டுவிட்டு நேர்த்தையல் மட்டும் எடுக்கிறாள். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அவர் ஏழெட்டு ஊசியில் நூல் கோத்துக் குத்தி வைத்துவிட்டுப் போகிறார். நிறம் மாறிவிட்டால் சாயங்காலம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்கிறார்.