ஓடைக்கரைக் கட்டில்

கரியாலூரைத் தாண்டி, மலைமேலேயே போய் சேலம் மாவட்டத்துக்குள் இறங்கிவிடலாம் என்று வீட்டில் உட்கார்ந்து நான் போட்ட திட்டம் இந்த ஓடையில் வந்து முட்டி நிற்கிறது. போனில் பார்த்தால் ரோடு நேராகப் போகிறது. கண்ணெதிரே பாலமே இல்லை, இடுப்பளவுத் தண்ணீர்தான் ஓடுகிறது. ஆனால் இந்தக் கரையில் பளபளவென்று ஒரு பலகை மட்டும் நிற்கிறது: "மாவட்ட எல்லை. நன்றி, மீண்டும் வருக." போனால்தானே ஐயா மீண்டும் வருவதற்கு!

எரிச்சலோடு வண்டியை நிறுத்திவிட்டு, பலகைக்கு அடியில் கிடக்கும் கயிற்றுக் கட்டிலில் உட்காரப் போகிறேன்.

"அதுல குந்தாதீங்க!" தலையில் கடுக்காய் மூட்டையோடு வரும் ஒரு பெண் அதட்டுகிறார். "நோவு வந்தவங்கள தூக்கிக்கினு போற கட்டிலு அது. அந்தாண்ட கரையிலதான் ஆம்புலன்சு நிக்கும். நல்லாருக்கறவங்க யாரும் அதுல குந்த மாட்டோம்."

கட்டிலின் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டியிருக்கிறது. போன மழைக்காலத்தில் பிரசவ வலியோடு இவருடைய தங்கையும் இதில்தான் போனாராம். பிள்ளை பிழைக்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பலகையின் இரும்புக் காலை ஓங்கி உதைக்கிறேன். கால் வலித்ததுதான் மிச்சம். அடியில் அவ்வளவு காங்கிரீட் கொட்டியிருக்கிறார்கள்.

"அது அசையாதுங்க," என்கிறார் அவர். "சிமெண்ட்டு லாரி வந்தப்போ, பாலம் கட்டத்தான் வந்துருக்காங்கன்னு நெனச்சி, நாங்கதான் ஓடி ஓடி மூட்டைய எறக்கிக் குடுத்தோம்."